விண்மீன்களுக்கு இடையே ஒரு செலவுக் கணக்கு: ‘லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்’ தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

இந்த ஜப்பானிய விண்வெளி அனிமே தொடரில் 3 கோடிப் படைவீரர்களின் தலைவிதி நிர்ணயிக்கப்படும் காட்சியில் ஒரு துப்பாக்கிகூட வெடிப்பதில்லை. நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அமைச்சர்கள், தேர்தல் நெருங்கும் வேளையில் வந்த கருத்துக்கணிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, எதிரி நாட்டின்மீது படையெடுப்பதென வாக்களிக்கிறார்கள். இது வருவது 12ஆம் பகுதியில். நான் இத்தொடரைப் பரிந்துரைத்த நண்பர்களில் பாதிப் பேர் அந்தக் காட்சியை எட்டுவதற்கு முன்பே, பழைய ஓவியப் பாணி என்றும், பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்றும், ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லி விலகிவிட்டார்கள். குறை அவர்களுடையது என்று சொல்லமாட்டேன்; எதைக் கவனிக்க வேண்டும் என்று நான் முன்கூட்டிச் சொல்லாததுதான் காரணம். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதல் 15 பகுதிகளின் கதையை இதில் ஓரளவு வெளிப்படையாகப் பேசியிருக்கிறேன். அதற்குப் பிந்தைய திருப்பங்களைச் சொல்லவில்லை.

முதலில் எந்த வடிவத்தைப் பார்ப்பது?

மூலம் யோஷிகி தனகா எழுதிய பத்துத் தொகுதி நாவல். 1982 முதல் 1987 வரை ஜப்பானில் வெளிவந்தது. அதனை நொபோரு இஷிகுரோவின் இயக்கத்தில் 110 பகுதிகள் கொண்ட அனிமேயாக 1988 முதல் 1997 வரை வெளியிட்டார்கள். தொலைக்காட்சிக்கென எடுக்கப்படாமல், சந்தா கட்டியவர்களின் வீட்டுக்கு வீடியோ கேசட்டாக அனுப்பப்பட்ட தொடர் அது. விளம்பர இடைவேளைக்காகவும் வாராந்திரப் பரபரப்புக்காகவும் கதையை வளைக்க வேண்டிய தேவை குறைவாக இருந்ததால்தான், ஒரு பட்ஜெட் விவாதத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது என்று நினைக்கிறேன். 2018இல் புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம் ‘டி நொய தீஸே’ என்ற பெயரில் புதிய வடிவத்தைத் தொடங்கியது. அதன் போர்க்கப்பல்கள் கண்ணுக்கு அழகானவை. கதை வேகமாகவும் நகர்கிறது. ஆனால் அரசியல் பேச்சுகளுக்கும் சாதாரண மனிதர்களின் முகங்களுக்கும் பழைய வடிவம் கொடுக்கும் நேரம் அதிகம் என்பதால், இந்தக் கட்டுரையின் நோக்கத்துக்குப் பழையதையே பரிந்துரைக்கிறேன். எண்கள் அனைத்தும் 110 பகுதித் தொடரைச் சார்ந்தவை.

தொடங்கும் வரிசையைப் பற்றி ரசிகர்களிடையே முடிவில்லாத சண்டை உண்டு. அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம். 1988இல் வந்த ஒரு மணி நேரத் திரைப்படத்தை முதலில் பாருங்கள். இருபெரும் நாயகர்களின் அறிமுகமும், ராவேலின் பொலேரோ இசை பின்னணியில் ஓட நடக்கும் ஒரு கடற்போர் போன்ற விண்போரும் அதில் உண்டு. பிறகு 1993இல் வந்த ‘ஓவர்ச்சர் டு எ நியூ வார்’ படம். இது தொடரின் முதல் இரண்டு பகுதிகளில் வரும் அஸ்தார்தே போரை விரிவாகச் சொல்வதால், இதைப் பார்த்தவர்கள் நேராக 3ஆம் பகுதிக்குப் போகலாம். திரைப்படங்கள் கிடைக்காவிட்டால் 1ஆம் பகுதியிலிருந்தே தொடங்குவதில் ஒரு நட்டமும் இல்லை. ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் போதும்.

பார்ப்பதற்கு முன் பத்து நிமிட ஆயத்தம்

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதற்கட்டத்தில் விண்மீன் பேரரசு: தலைநகர் ஓடின், மக்கள்தொகை 2,500 கோடி, ஆள்வது கோல்டன்பாம் வம்சம். இரண்டாவதில் சுதந்திரக் கோள்களின் கூட்டணி: தலைநகர் ஹைனெஸன், மக்கள்தொகை 1,300 கோடி, ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. மூன்றாவதில் ஃபெசான்: பேரரசுக்குப் பெயரளவில் கட்டுப்பட்டு, உண்மையில் இரு தரப்புக்கும் கடன் கொடுத்தும் சரக்கு விற்றும் வாழும் வணிக நாடு, மக்கள்தொகை 200 கோடி. முதலிரண்டும் ஏறத்தாழ 150 ஆண்டுகளாகப் போரிட்டு வருகின்றன. அந்தப் போர் யாராலும் வெல்லப்படாமல் நீடிப்பதில் மூன்றாவதற்கு என்ன ஆதாயம் என்ற கேள்வியை அந்தக் கட்டத்தின் கீழே எழுதி வைத்துக்கொண்டால், ஃபெசான் காட்சிகளில் தூக்கம் வராது.

ஆண்டுக்கணக்கு இரண்டு வகை. கதை தொடங்கும் விண்வெளி ஆண்டு 796ம் பேரரசு ஆண்டு 487ம் ஒரே ஆண்டுதான். யாருடைய நாட்காட்டியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கொண்டே காட்சி எங்கே நடக்கிறது என்று அறியலாம். பெயர்களில் பேரரசுப் பக்கம் முழுக்க ஜெர்மானிய வாடை. கூட்டணிப் பக்கம் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பெயர்கள் கலந்திருக்கும். யாங் வென்லி என்ற பெயரில் ‘யாங்’ என்பதுதான் குடும்பப்பெயர். சப்டைட்டிலுக்குச் சப்டைட்டில் எழுத்துக்கூட்டல் மாறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் பத்துப் பகுதிகளுக்கு ஆறு பேரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பேரரசில் இளம் தளபதி ரைன்ஹார்ட், அவன் நண்பன் கிர்சியைஸ், ஆலோசகன் ஓபர்ஸ்டைன், கூட்டணியில் படை அதிகாரி யாங், அவனிடம் வளரும் ஜூலியன், அரசியல்வாதி ஜோப் ட்ரூனிக்ட். மற்றவர்கள் வரும்போது திரையிலேயே பெயர் எழுதிக் காட்டுகிறார்கள்.

தாளின் மறுபக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். அங்கேதான் கணக்கு எழுதப்போகிறோம்: ஒவ்வொரு போருக்கும் யார் ஆணையிட்டார், யார் செலவு செய்தார், யார் திரும்பி வரவில்லை, பிறகு யார் பதவி உயர்ந்தார். பள்ளிக்கூட வேலை போலத் தோன்றினாலும், நான் முதல்முறை பார்த்தபோது தவறவிட்டது முழுவதும் இந்த நான்கு கேள்விகளுக்குள்தான் இருந்தது.

1 முதல் 4 வரை: போரும் இரங்கற்கூட்டமும்

அஸ்தார்தேயில் ரைன்ஹார்ட் 20,000 கப்பல்களுடன், தன்னைச் சுற்றிவளைக்க மூன்று திசையில் வரும் 40,000 கப்பல்களை ஒவ்வொரு பிரிவாக எதிர்கொண்டு நொறுக்குகிறான். உத்தியைப் பார்த்து வியந்துகொள்ளுங்கள். ஆனால் அதில் நின்றுவிடாதீர்கள். கூட்டணித் தரப்பில் உயிரிழந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். கதைசொல்லியின் குரல் இந்த எண்ணைப் பஞ்சாங்கம் வாசிப்பது போன்ற நிதானத்துடன் சொல்லிவிட்டுப் போகும். அந்த நிதானம் வேண்டுமென்றே செய்யப்பட்டது. எண்ணுக்குள் ஓர் ஆள் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஜான் ராபர்ட் லாப் என்ற ஒருவரை முன்னதாகவே நமக்கு அறிமுகப்படுத்தியிருப்பார்கள். யாங்கின் கல்லூரித் தோழன் அவன். ஜெசிகா எட்வர்ட்ஸ் என்ற பெண்ணுக்கு நிச்சயிக்கப்பட்டவன்.

3ஆம் பகுதியை ஒரே மூச்சில், கைப்பேசியை எடுக்காமல் பாருங்கள். இறந்தவர்களுக்கான அரசு இரங்கற்கூட்டம். பாதுகாப்புத் துறையின் பொறுப்பிலிருக்கும் ட்ரூனிக்ட் மேடையேறி, மாண்டவர்கள் எதற்காக மாண்டார்கள் என்று தானே கேட்டுத் தானே விடை சொல்லி, இன்னும் போரிட வேண்டும் என்று முடிக்கிறான். அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. யாங் மட்டும் இருக்கையைவிட்டு எழுவதில்லை. அப்போது ஜெசிகா மேடையை நோக்கி நடந்து வந்து, பிறரைச் சாவுக்கு அனுப்பும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அவளை வெளியே அழைத்துப் போய்விட்டு, தேசியகீதத்தை ஒலிக்க விடுகிறார்கள். எழாமல் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக அன்று இரவே யாங்கின் வீட்டை முகமூடி அணிந்த ‘தேசபக்தர்கள்’ தாக்குகிறார்கள். ஜனநாயக நாட்டில் கேள்வி கேட்பவனுக்கு என்ன விலை என்பது மூன்றாவது பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கேயே ஜூலியனையும் கவனியுங்கள். தேநீர் தயாரிப்பதில் கெட்டிக்காரனான இந்தச் சிறுவன் யாங்கின் வீட்டுக்கு வந்தது ஒரு சட்டத்தின் வழியாக. போரில் அனாதையான பிள்ளைகளை வேறு படைவீரர்களின் குடும்பங்களில் வளர்க்க அரசு ஏற்பாடு செய்கிறது. வளர்ப்புச் செலவுக்குப் பணமும் தருகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து படையில் சேர்ந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கருணைச் சட்டமாகத் தோன்றுவது, தகப்பனைத் தின்ற போருக்கு மகனையும் அனுப்பிவைக்கும் ஏற்பாடாகவும் வேலை செய்கிறது. தொடரில் இதைப் பற்றி நீண்ட விரிவுரை கிடையாது. ஜூலியன் படையில் சேர விரும்புவதும், யாங் அதற்கு முகம் சுளிப்பதும் வரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

4ஆம் பகுதி எதிர்ப்பக்கத்தின் கடனைக் காட்டுகிறது. ரைன்ஹார்ட்டின் அக்காள் பதினைந்து வயதில் பேரரசரின் அந்தப்புரத்துக்குக் கொண்டுபோகப்படுகிறாள். தந்தை பணம் பெற்றுக்கொள்கிறார். அவனுடைய பேராசை முழுவதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

5 முதல் 11 வரை: எதை நின்று பார்ப்பது, எதைக் கடந்து போவது

இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். 5, 9, 11 ஆகிய பகுதிகள் பேரரசின் பிரபுக்களுடைய தனித்தனிக் கதைகள். சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். 6, 7, 8, 10 ஆகியவை முக்கியமானவை.

6ம் 7ம் இசர்லோன் கோட்டை பற்றியவை. 60 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்தச் செயற்கைக் கோளைக் கூட்டணி அதற்குமுன் ஆறு முறை தாக்கித் தோற்றிருக்கிறது. யாங் அரைகுறையான ஒரு படையைக் கொண்டு, தந்திரத்தால், தன் பக்கம் உயிர்ச்சேதமில்லாமல் பிடித்துவிடுகிறான். அவன் போட்ட கணக்கு எளிமையானது: இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள வாசலை அடைத்துவிட்டால் எதிரி உள்ளே வரமுடியாது, அதை வைத்துப் பேசிச் சமாதானம் செய்துகொள்ளலாம், தானும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வரலாறு படிக்கலாம். (அவன் படைக் கல்லூரியில் சேர்ந்ததே, தந்தை இறந்து கையில் காசில்லாதபோது இலவசமாக வரலாறு படிக்க அதுவே வழி என்பதால்தான், அவன் படித்துக்கொண்டிருந்த போர் வரலாற்றுத் துறையையும் பாதியில் மூடிவிட்டார்கள்.) இந்த வெற்றி அவன் எண்ணியதற்கு நேரெதிரான விளைவைத் தருவதுதான் அடுத்த எட்டுப் பகுதிகளின் கதை என்பதால், 7ஆம் பகுதியின் இறுதியில் உங்கள் தாளில் ‘இழப்பு: ஏறக்குறைய இல்லை’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

8ஆம் பகுதியில் ஓபர்ஸ்டைனின் செயற்கைக் கண்களைப் பற்றி அவனே பேசுகிறான். பேரரசை நிறுவிய ரூடால்ஃப், மக்கள் வாக்களித்துப் பதவிக்கு வந்து, பிறகு தன்னையே பேரரசனாக்கிக்கொண்டவன். உடற்குறையோடு பிறப்பவர்களை ஒழித்துக்கட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தவன். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் உயிரோடு விடப்பட்டிருக்கமாட்டேன் என்று ஓபர்ஸ்டைன் சொல்வது ஒரே ஒரு நிமிடம். பின்னால் அவன் செய்யும் எதையும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டவர்களுக்கு அவன் வெறும் வில்லனாகவே தெரிவான்.

10ஆம் பகுதியில் ஜெசிகா போர் எதிர்ப்பு வேட்பாளருக்காகத் தேர்தல் களத்தில் இறங்குகிறாள். 3ஆம் பகுதியில் கேட்ட கேள்வியை அவள் அங்கே அரசியலாக மாற்றுகிறாள்.

12 முதல் 15 வரை: ஒரு படையெடுப்பின் வரவு செலவு

இந்த நான்கு பகுதிகளை ஒரே நாளில் பாருங்கள். முடிந்தால் விடுமுறை நாளில்.

12ஆம் பகுதியில் அமைச்சரவை கூடுகிறது. நிதிப் பொறுப்பிலிருக்கும் ரெபெலோ கருவூலம் தாங்காது என்கிறார். மனிதவளப் பொறுப்பிலிருக்கும் ஹுவாங் ரூயி, திறமையான தொழில்நுட்பர்களைப் படை விழுங்கிவிட்டதால் நாட்டின் போக்குவரத்து முதலிய அன்றாடப் பணிகளே தடுமாறுகின்றன என்று எச்சரிக்கிறார். இந்தப் பேச்சு எனக்கு எந்தப் பீரங்கிச் சண்டையைவிடவும் அச்சமூட்டியது. போர் முனையிலிருந்து வெகு தொலைவில், விளக்கு மாற்ற ஆளில்லாமல் ஒரு நாடு தேய்ந்துபோவதை அவர் புள்ளிவிவரமாகச் சொல்கிறார். அதற்குப் பதிலாக எடுத்து வைக்கப்படுவது ஒரு கணினிக் கணிப்பு: அரசுக்கு ஆதரவு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 100 நாட்களுக்குள் ஒரு பெரிய இராணுவ வெற்றி கிடைத்தால் ஆதரவு குறைந்தது 15 விழுக்காடு உயரும். இசர்லோனில் யாங் பெற்றுத் தந்த மலிவான வெற்றி, இன்னொரு வெற்றியும் மலிவாகவே கிடைக்கும் என்ற பசியைக் கிளப்பிவிட்டிருந்தது. தீர்மானம் நிறைவேறுகிறது. எதிர்த்து வாக்களித்தவர்கள் மூவர். இருவர் மேலே சொன்னவர்கள். மூன்றாமவர் போர்முழக்கத்தாலேயே பெயர்பெற்ற ட்ரூனிக்ட். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அந்த எதிர்ப்பு வாக்கு அவனுக்கு எதைச் சம்பாதித்துக் கொடுத்தது என்பதை 16ஆம் பகுதியில் நீங்களே உங்கள் தாளில் எழுதிக்கொள்வீர்கள்.

அடுத்து படைத்தளபதிகளின் கூட்டம். திட்டத்தை வகுத்த ஆண்ட்ரூ ஃபோர்க் என்ற இளம் அதிகாரியிடம், படையெடுப்பின் குறிக்கோள் என்ன, எவ்வளவு தொலைவு போவது, எப்போது திரும்புவது என்று கேட்கிறார்கள். மிகுந்த நெகிழ்வோடு, சூழ்நிலைக்கு ஏற்ப நடந்துகொள்வோம் என்பது அவனுடைய விடை. அப்படியென்றால் போகிற போக்கில் பார்த்துக்கொள்வோம் என்றுதானே பொருள் என்று முதிய தளபதி புகாக் கேட்கும்போது சிரிப்பு வரும். அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

13ம் 14ம் உணவைப் பற்றியவை. ரைன்ஹார்ட் எல்லைப்புறக் கோள்களிலிருந்து படையைப் பின்வாங்கச் செய்து, அங்குள்ள தானியம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறான். ‘விடுதலை’ கொடுக்க வந்த கூட்டணிப் படையை வரவேற்பது பசித்த குடிமக்கள். 5 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு தலைமேல் விழுகிறது. முன்னேற முன்னேற அது 10 கோடியாகிறது. விடுதலை செய்ய வந்தோம் என்று சொல்லிவிட்டதால் பட்டினி போட்டுவிட்டு நகரவும் முடியாது. தளவாடப் பொறுப்பிலிருக்கும் காசெல்னு தலையைப் பிடித்துக்கொள்கிறார். வரவேண்டிய உணவுக் கப்பல்கள் வழியிலேயே அழிக்கப்பட்டதும், நேற்று கொடுத்த தானியத்தை இன்று திரும்பப் பிடுங்கும்படி வீரர்களுக்கு ஆணை வருகிறது. விடுதலைப் படைக்கும் விடுவிக்கப்பட்ட மக்களுக்கும் இடையே மோதல் வெடிக்கும் காட்சிகளைப் பாருங்கள்: யார் கெட்டவர் என்று கைகாட்ட முடியாதபடி அவை எடுக்கப்பட்டிருக்கின்றன. களத்திலிருந்து புகாக் தலைமைத் தளபதியோடு பேச வேண்டுமென்று அழைக்கும்போது, அவர் பகல்தூக்கத்தில் இருக்கிறார் என்ற பதில் கிடைக்கிறது.

இங்கே ரைன்ஹார்ட்டையும் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். அவன் வென்றது தன் சொந்தக் குடிமக்களின் உணவைப் பறித்துத்தான். தொடர் அவனை அழகனாகவும் மேதையாகவும் காட்டும். பின்னால் வரிச்சுமையைக் குறைத்துப் பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்கும் நல்ல ஆட்சியாளனாகவும் காட்டும். நல்ல சர்வாதிகாரியா, சீரழிந்த மக்களாட்சியா என்ற கேள்வி 110 பகுதிகள் முழுவதும் ஓடுவது. அதற்கு நீங்கள் யோசித்துச் சொல்லும் விடையில் 13ஆம் பகுதியின் பட்டினியும் சேர்ந்திருக்க வேண்டும்.

15ஆம் பகுதியில் அம்ரிட்சர் போர். புறப்பட்ட 3 கோடிப் பேரில் 2 கோடிப் பேர் திரும்பவில்லை. 7ஆம் பகுதிக்கு எதிரே விட்ட இடத்தில் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

15க்குப் பிறகு

16 முதல் 26 வரை இரு நாடுகளும் உள்நாட்டுக் குழப்பத்தில் விழுகின்றன. விவரம் சொல்லமாட்டேன். 22, 23 ஆகிய பகுதிகளில் வெஸ்டர்லாண்ட் என்ற கோளின் பெயர் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கே வாழ்பவர்கள் 20 லட்சம் பேர். தெரிந்திருந்தும் தடுக்காமல் விடுவது பற்றி ஓபர்ஸ்டைன் முன்வைக்கும் வாதத்தை, ‘இத்தனை பேரை இழந்து அத்தனை பேரைக் காப்பாற்றலாம்’ என்ற கணக்காகவே அவன் சொல்கிறான். உங்கள் தாளும் ஒரு கணக்குத்தாளாக இருப்பதால், உங்கள் கணக்கு அவனுடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று யோசிக்க நல்ல இடம் அது. இந்தக் கோள் அத்தோடு மறைந்துவிடுவதில்லை. பல பத்துப் பகுதிகள் கழித்து ஒரு மனிதன் அந்தக் கடனைக் கேட்டு வருவான்.

26ஆம் பகுதியில் முதற்பருவம் முடிகிறது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். அடுத்தது தொடங்கியதும் 40ஆம் பகுதியை நோக்கிப் போவீர்கள். அது முழுக்க முழுக்க ஒரு வரலாற்றுப் பாடம்: பூமியின் வீழ்ச்சி, ரூடால்ஃபின் எழுச்சி, அடிமைகளாக இருந்த 4 லட்சம் பேர் உலர்பனிக்கட்டியில் குடைந்த கப்பலில் தப்பியோடிக் கூட்டணியை நிறுவிய கதை. முதலிலேயே பார்த்துவிட்டால் எல்லாம் புரியுமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 39 பகுதிகள் இந்த நாடுகளுக்காக மனிதர்கள் சாவதைப் பார்த்த பிறகு அவற்றின் பிறப்பைப் பார்க்கும்போது ஏற்படும் கசப்பு, பாடமாக முதலில் படித்தால் ஏற்படாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெண் பாத்திரங்கள் குறைவு. இருப்பவர்களில் பலருக்குப் போதிய வேலை இல்லை. முப்பரிமாண விண்வெளியில் கப்பல்கள் பழைய காலக் காலாட்படை போல வரிசையில் நின்று சுட்டுக்கொள்கின்றன. துப்பாக்கி சுட்டால் வெடிக்கும் வாயு ஒன்றைக் காரணம் காட்டிக் கோடாலிச் சண்டைகளை நுழைத்திருக்கிறார்கள். இரத்தம் தாராளமாகத் தெறிக்கும், ஆகவே சிறுவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டாம். மாலர், புருக்னர், டுவோர்ஷாக் போன்றோரின் இசை பின்னணியில் பொங்கும்போது போர் அழகாகிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த நேரங்களில் கப்பலுக்கு வெளியே நடக்கும் வாணவேடிக்கையைவிட, கப்பலுக்குள் காட்டப்படும் ஓரிரு நொடிக் காட்சிகளைப் பாருங்கள். தாயை அழைத்தபடி சாகும் பெயரற்ற வீரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: முடிக்கும்வரை எந்தப் பாத்திரத்தின் பெயரையும் இணையத்தில் தேடாதீர்கள். பெயரை முழுவதும் தட்டி முடிப்பதற்குள் அவர் எப்படி இறக்கிறார் என்பது தேடல் பரிந்துரையிலேயே வந்துவிடும்.

110ஐயும் முடித்தபின் மனம் ஆறாவிட்டால், 1998 முதல் 2000 வரை வந்த 52 பகுதி முன்கதைத் தொடர் இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. ‘ஸ்பைரல் லாபிரிந்த்’ என்ற பெயரில் வரும் 14 பகுதிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எல் ஃபாசில் என்ற கோளில், குடிமக்களைக் கைவிட்டுத் தளபதி ஓடிவிட்ட பிறகு, 21 வயது யாங் 30 லட்சம் பேரைப் பத்திரமாக வெளியேற்றியிருந்தான். அந்த அவமானத்தை மறைக்க அரசு அவனை மாவீரனாக்கி ஊர் ஊராக மேடையேற்றிவிட்டு, அடுத்து அவனை என்ன செய்வதென்று தெரியாமல், இறந்துபோன இன்னொரு மாவீரனின் சாவைப் பற்றிய பழைய வதந்தியை விசாரிக்கும் வேலையைக் கொடுத்து அனுப்புகிறது.